படம் பழசு, தண்ணி புதுசு

ஏழுமலை இறந்த செய்தி நம் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படமாக வந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மங்கலான ஒரு முகமும் அதைச் சுற்றி ஒரு மாலையும்தான். விரலால் தொட்டால் தெளிவாகிவிடும். நான் தொடவில்லை. தெளிவாகாத வரை அது வேறு யாராகவோ இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அவருடைய அலுவலகத்தில் வேலை பார்க்கும் கோமதி அழைத்தாள். மாரடைப்பு என்றாள்.

கள்ளிக்குப்பத்தில் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு மழை என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஏரி நிறைந்தால் முதலில் சிறுபாலம் மூழ்கும், அப்புறம் நம் தெரு. அதனால்தான் நலச்சங்கம் ஓர் இணையப் பக்கம் வைத்தது. பாலத்தருகே இருப்பவர்கள் படம் எடுத்துப் போடுவார்கள். மற்றவர்கள் பார்த்து, மாடிக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வோம். ஆனால் மழை வந்தாலே சிக்னல் போய்விடும், பக்கம் திறக்காது. கணவர் போன பிறகு தனியாக இருக்கும் எனக்கு, திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த வட்டம் இடியைவிடப் பயமாக இருந்தது.

அதைச் சரிசெய்ய நெமிலிச்சேரியிலிருந்து வந்தவர் ஏழுமலை. என் கைபேசியை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். “இன்னா மேடம் இது? உள்ளங்கை சைஸ் போனுக்கு செவுரு சைஸ் படத்த அனுப்பிகினு கீறாங்க. எப்புடி வரும்?”

“இருக்கிறார்கள் என்று சொன்னால் என்ன?” என்றேன். கான்வென்ட் பழக்கம், விடவில்லை.

“சொல்லிக்கலாம் மேடம். மொதல்ல படம் வரட்டும்.”

வந்தது. ஒவ்வொரு படத்தையும் சின்னது, நடுத்தரம், பெரியது என்று தனித்தனி அளவில் வைத்தார். சில வரிகளே உள்ள ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நிரல் திரையின் அகலத்தை அளந்து, அதற்குப் பொருந்தும் படத்தை மட்டும் வரவழைக்கும். கீழே உள்ள படங்கள், விரல் அங்கே போகும்போதுதான் வரும். “சுமையே இல்லாம அனுப்பணும், மேடம். மழைல ஓடுறவன் மூட்டை தூக்குவானா?” என்பார்.

அப்படியும் சில சமயம் படம் வராமல் வெற்றுக் கட்டம் நிற்கும். அதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று சங்கக் கூட்டத்தில் எல்லோரும் சொன்னோம். நமக்காக அவர் ஒரு மாற்றம் செய்தார்: புதுப் படம் வராவிட்டால், கைபேசியில் ஏற்கெனவே இருக்கும் பழைய படம் தெரியும்.

அடுத்த பெருமழையில், பகல் வேளையில், பக்கத்தைத் திறந்தேன். பாலம் காய்ந்து கிடந்தது. நிம்மதியாக அரிசி களைய உட்கார்ந்தேன். தொலைபேசி அடித்தது. ஏழுமலையின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

“மேடம், மேல போங்க!”

“பாலம் காய்ந்துதானே இருக்கிறது? இப்போதுதான் பார்த்தேன்.”

“அது காலைல எடுத்தது மேடம். அதுக்கப்புறம் ஒரு படமும் வந்து சேரல. படம் பழசு, தண்ணி புதுசு. போங்க!”

கதவைத் திறந்தேன். வாசற்படி தெரியவில்லை. அன்று அவர் நம் வீடுகளுக்கெல்லாம் அப்படித்தான் அழைத்தார் என்று பிறகு தெரிந்தது.

தண்ணீர் வடிந்ததும் வந்தார். சிரிக்கவில்லை. “படம் வரலன்னா பயந்துகினு மாடி ஏறிடுவீங்க. பழசு வந்தா நம்பிகினு கீழயே குந்திப்பீங்க. தப்பு என்மேலதான்,” என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு படத்தின் மேலும் அதை எடுத்த தேதியும் நேரமும் பெரிய எழுத்தில் வந்தன. பழைய படம் தானாகவே சாம்பல் நிறமாகிவிடும்.

இப்போது அவருடைய படத்தைப் பக்கத்தின் உச்சியில் பெரிதாகப் போட வேண்டும் என்கிறார்கள். போடுங்கள். ஆனால் கோமதியிடம் கொடுத்து எல்லா அளவிலும் செய்து போடுங்கள். அவர் முகத்தால் பாலத்தின் படம் தாமதமாகக் கூடாது.

பழைய படம் வந்தால் அழைத்துச் சொல்ல இனி அவர் இல்லை என்பதுதான் என் பயம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, படத்துக்கு முன் நேரத்தைப் படிக்கும் பழக்கம். இன்று காலை ஏரிப் பக்கம் வானம் கறுத்தது. பக்கத்தைத் திறந்தேன். சாம்பல் நிறத்தில், காய்ந்த பாலம். மேலே நேற்றைய தேதி. மாத்திரைகளையும் சாவியையும் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.