கீழ் இடது மூலையில் ‘ம்’

‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நான் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதற்குள் ஒரு பள்ளம் இருப்பது அந்த மருத்துவர் சொன்னபோதுதான் தெரிந்தது.

என் மனைவியின் கழுத்தில், தைராய்டில் ஒரு கட்டி. ஊசி போட்டு எடுத்துப் பார்த்துவிட்டுக் கெட்ட கட்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் எடுத்துவிட வேண்டும். குரலுக்குப் போகிற நரம்பு அதன் பக்கத்திலேயே ஓடுகிறதாம்.

“பெரும்பாலும் ஒண்ணும் ஆகாதும்மா. சில பேருக்குக் குரல் கொஞ்சம் மாறும். ஆபரேஷன் முடிஞ்சி பத்து நாள் பேசவே கூடாது. குசுகுசுன்னு பேசுறதுகூட ஆகாது” என்றார் மருத்துவர்.

அவள் தலையை ஆட்டினாள். நான் அந்தப் ‘பெரும்பாலும்’ விளிம்பிலேயே நின்றேன். கீழே எட்டிப் பார்த்தேன். தரை தெரியவில்லை.

அவளுக்குக் குரல்தான் வேலை. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில், தினமும் பதினோரு மணிக்கு போன் முன்னால் நின்று லைவில் புடவை காட்டுகிறாள். “அக்கா, இது வாடாமல்லி, அரக்கு பார்டரு, சிங்கிள் பீஸ்தான், வேணும்ன்றவங்க ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க” என்று அவள் இழுக்கும் இழுப்பைக் கேட்கவே எங்கிருந்தோ பெண்கள் வந்து உட்காருகிறார்கள். எனக்கு அழைப்பிதழ் அச்சகத்தில் வேலை. பகலில் மற்றவர்கள் கல்யாணத்துக்கு வாசகம் எழுதுகிறேன். மிச்ச நேரத்தில், யாரும் கேட்காத பத்திகளை எழுதுகிறேன்.

அந்தப் பத்திகளை வாசித்துப் பதிவு செய்து, அடியில் கொஞ்சம் ஓசை கோக்கலாம் என்று போன வருடம் ஒரு மிடி பேட் வாங்கினேன். உள்ளங்கை இரண்டை ஒட்டி வைத்தால் எவ்வளவோ, அவ்வளவுதான் இருக்கும். நாலுக்கு நாலு, பதினாறு ரப்பர் சதுரங்கள். கம்ப்யூட்டரில் மாட்டி, எந்தச் சதுரத்துக்கு எந்த ஓசை என்று சொல்லிவைத்தால், தட்டும்போது அந்த ஓசை வரும். பிரித்த நாளோடு சரி. பரண் மேல் ஏறிவிட்டது.

மருத்துவமனையிலிருந்து பிள்ளையார்பாளையத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் அது ஞாபகம் வந்தது. பதினாறு சதுரம், பதினாறு சொல். பத்து நாளும் அவள் வாயைத் திறக்க வேண்டாம், தட்டினால் போதும். வீட்டுக்கு வந்ததும் நாற்காலி போட்டு ஏறினேன்.

“எதுக்குங்க இப்ப அந்தப் பொட்டிய இறக்குறீங்க?”

சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“என்னா, நான் போயிட்டப்புறம் கேக்குறதுக்கா?”

“சீ, என்னா பேச்சு இது.”

“சும்மா கேட்டேம்பா. மூஞ்சப் பாரு.”

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். போகிற போக்கில் சரியான இடத்தில் தொட்டுவிட்டுத்தான் போனாள். பத்து நாள் என்று நான் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியை எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆறாவது நாள் அறுவை சிகிச்சை.

முதல் இரண்டு மாலைகள் வீணாயின. பெட்டியோடு வந்த கேபிளைக் காணோம். மேசை டிராயரில் ஒன்று கிடைத்தது, மாட்டினேன். சதுரங்கள் பதினாறும் சிவப்பு, பச்சை, ஊதா என்று எரிந்தன. ஆனால் பதிவு செய்யும் மென்பொருளில் போய்ப் பார்த்தால், எந்தக் கருவியும் இணைக்கப்படவில்லை என்கிறது. கம்ப்யூட்டரை அணைத்து ஏற்றினேன். மென்பொருளை நீக்கி மறுபடி போட்டேன். மூன்று முறை போட்டேன். உயிர் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, பேச்சு மட்டும் இல்லை. அந்த எண்ணம் வந்ததும் சட்டென்று கேபிளைப் பிடுங்கி எறிந்தேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் எழுந்து வந்து அதை எடுத்துப் பார்த்தாள்.

“இத எங்க எடுத்தீங்க?”

“டிராயர்ல.”

“இது பழைய சார்ஜர் கேபிளுங்க. இதுல கரண்ட்டுதான் ஏறும், ஒரு போட்டோகூட ஏறாது. இதால கடையில எத்தன வாட்டி நான் திட்டு வாங்கியிருக்கேன்.”

தன் கைப்பையில் இருந்த இன்னொன்றைக் கொடுத்தாள். மாட்டியதும் கம்ப்யூட்டர் ‘டிங்’ என்றது. பட்டியலில் கருவியின் பெயர் வந்து நின்றது. இரண்டு நாள் என் நெஞ்சில் உட்கார்ந்திருந்ததை, கீரைப் பச்சை ஒட்டிய விரலால் தள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

மூன்றாம் மாலை, தட்டினால் சத்தம் வரவில்லை. கருவி தெரிகிறது, தட்டுவதும் திரையில் கோடாகத் துள்ளுகிறது, ஓசை இல்லை. அப்புறம்தான் புரிந்தது. பேடுக்குள் எந்த ஓசையும் கிடையாது. எந்தச் சதுரம், எவ்வளவு அழுத்தி என்று மட்டும்தான் அது சொல்லும். ஓசையை நாம்தான் மென்பொருளில் ஏற்றி, ஒவ்வொரு சதுரத்தோடும் முடிச்சுப் போட வேண்டும். இதை அவளிடம் பெரிய தத்துவம்போலச் சொன்னேன்.

“தறி மேல டிசைனுக்குத் தொங்குற அட்டை மாதிரி” என்றாள். “அட்டையில மயிலா இருக்குது? ஓட்டதான் இருக்குது. இதுக்கு இவ்ளோ நேரமா?”

பிறகு தாமதம். அவள் லைவுக்கு வைத்திருக்கும் புளூடூத் ஸ்பீக்கரில் கேட்டதால், நான் தட்டி, கையை எடுத்து, அதற்கப்புறம் ஓசை வந்தது. அரை மூச்சு நேரம் இருக்கும். அடுத்த அறையில் நாம் கூப்பிட்ட ஆள், பதில் சொல்லலாமா என்று யோசித்துவிட்டுச் சொல்வதுபோல. அந்த அரை மூச்சுக்குள் எங்கள் வீடு முழுக்க எனக்குத் தெரிந்தது. நான் கூப்பிடுகிறேன், குழாய் சொட்டுகிறது, பதில் வரவில்லை. ஒயர் வைத்த பழைய ஸ்பீக்கருக்கு மாற்றினேன். ஓசை விரலோடு ஒட்டிக்கொண்டது.

பதிவு செய்ய அமைதி வேண்டுமே. எங்கள் வீட்டுச் சுவரும் பக்கத்து வீட்டுத் தறியும் முதுகோடு முதுகாக இருக்கின்றன. மைக்கை எங்கே வைத்தாலும் பலகை அடிக்கிற சத்தம் முதலில் பதிகிறது. நான்காம் நாள் அமாவாசை. தெருவில் யாரும் தறியில் உட்காரமாட்டார்கள். பக்கத்து வீட்டு நெசவாளர் வாசலில் நின்று விசாரித்தார்.

“என்னாண்ணா, அண்ணி குரல மிசின்ல ஏத்துறீங்களாமே? அப்டியே எங்க வீட்டம்மாவயும் ஏத்திக் குடுங்க. வேணாம்னா ஆஃப் பண்ணிக்கலாம்ல.”

“கேட்டுக்கினுதான் இருக்கேன்” என்று அவர் வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. “சோறு ஆஃப் ஆயிடும், பாத்துக்க.”

என் மனைவி சொற்களை, மிஞ்சிப்போன ஓர் அழைப்பிதழின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள். வேணாம். போதும். தண்ணி. யாரு? ஏங்க. கேஸ் ஆஃப் பண்ணீங்களா? விடுதியில் இருக்கும் மகளுக்காக, சாப்டியா? பத்தாவதாக, கண்ணாடி தலைமேலதான் இருக்குது.

“இது எதுக்கு?”

“இது இல்லாம பத்து நாள் நீங்க எப்டி ஓட்டுவீங்க?”

படித்துக்கொண்டே வந்தேன். ஒன்று குறைந்தது.

“‘ம்’ இல்லயே” என்றேன்.

“எந்த ‘ம்’?”

“எத்தன இருக்குது?”

“சரின்ற ‘ம்’ இருக்குது. மேல சொல்லுன்ற ‘ம்’ இருக்குது. செய்யி, அப்புறம் வெச்சிக்கறேன்ற ‘ம்’ இருக்குது. மொத்தப் பொட்டியும் அதுக்கே பத்தாது.”

பேடுக்கு அழுத்தம் தெரியும் என்று சொன்னேன். மெல்லத் தொட்டால் மெல்ல வரும், குத்தினால் குத்தும், ஒன்று போதும். கீழ் இடது மூலைதான் முதல் சதுரம். “கீழேருந்தா எண்ணுவாங்க?” என்று முகத்தைச் சுளித்தாள். சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு, “ஆரம்பிக்கலாமா?” என்று கேட்டேன்.

“ம்” என்றாள்.

அதுதான் பதிந்தது. அதற்குப் பிறகு ஏழெட்டு ‘ம்’ சொல்லிப் பார்த்தாள். எல்லாம் லைவில் புடவை விரிக்கிற ‘ம்’. பதிவாகிறது என்று தெரியாமல் சொன்ன முதல் ‘ம்’மையே சதுரத்தில் வைத்தேன்.

அறுவை நடந்த காலை நான் காத்திருப்பு வரிசையில் உட்கார்ந்து தொடைமேல் விரலால் நாலு நாலாகத் தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டார்.

அதிலிருந்து மூன்றாம் நாள் கழுத்தில் வெள்ளைப் பட்டையோடு வீட்டுக்கு வந்தாள். கட்டிலில் தலையணைக்கு அருகே பேட். நான் பயந்ததற்கு மாறாக, முதல் மணி நேரத்திலேயே அது அவள் கைக்குப் பழகிவிட்டது. டீ போடவா என்றால் விரல் நுனியால் ஒரு ‘ம்’. மாத்திரையை மறந்துவிட்டால் முஷ்டியால் ஒரு ‘ம்’. நான் ஏதாவது நீட்டி முழக்கினால், சீக்கிரம் சீக்கிரம் என்று அடுத்தடுத்து ‘ம்’மும் ‘ம்’மும். மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கர் அருகே வைத்து, “சாப்டியா?” என்று தட்டினாள்.

“யம்மா, ரிங்டோன் மாதிரி இருக்குதும்மா” என்று சிரித்தவள், சிரிப்பு முடிகிற இடத்தில் மூக்கை உறிஞ்சினாள்.

வீடு முழுக்க அவள் குரல்தான். ஆனால் அது போன அமாவாசையின் குரல். அந்த வெள்ளைப் பட்டைக்குக் கீழே இப்போது என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தூங்கும்போது அவள் இருமினால்கூட, அந்த இருமலில் குரல் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் பேசலாம் என்றார்கள். அவள் “ஏங்க” என்றாள். காற்றுதான் வந்தது, காற்றின் அடியில், எங்கேயோ, ஏங்க.

“நரம்பு கொஞ்சம் அயர்ந்திருக்குது. மூணு மாசத்துல பெரும்பாலும் சரியாயிடும்” என்றார் மருத்துவர். மறுபடி அதே சொல்.

மெல்ல மெல்லக் காற்று வடிந்து குரல் ஊறியது. கனமாக, கீழிறங்கிய குரல். மேலே ஏறும் இடத்தில் உடைந்துவிடும். மாடியில் இருக்கும் என்னைக் கூப்பிட, பாத்திரத்தில் கரண்டியால் தட்டினாள். ஒரு மாதம் கழித்துக் கடைக்குப் போனாள். நான் அச்சகத்தில் ஒளிந்துகொண்டு அந்த லைவைப் பார்த்தேன். கீழே யாரோ எழுதினார்கள்: பழைய அக்கா வரலயா? அவள் அதைச் சத்தமாகப் படித்தாள். கையிலிருந்த புடவையை ஒரு சுற்றுத் திருப்பினாள்.

“பழைய அக்காதாம்மா. பாடி அதேதான், பார்டர் மட்டும் மாத்தியிருக்குது.”

கீழே சிரிப்புப் பொம்மைகளாக ஓடின.

அவள் சரியாகத்தான் இருந்தாள். நான்தான் இல்லை. அவள் கடைக்குப் போகிற நாளில், சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும்போது, கம்ப்யூட்டரைப் போட்டு அந்தச் சதுரங்களைத் தட்டிக் கேட்பேன். யாரு? போதும். கண்ணாடி தலைமேலதான் இருக்குது. கேட்டுவிட்டு, மாலையில் வருகிற குரலோடு ஒட்டிப் பார்ப்பேன். இன்று கொஞ்சம் ஏறியிருக்கிறதா, நேற்றைவிட இறங்கியிருக்கிறதா. அவள் என்ன சொல்கிறாள் என்பதைக் கேட்காமல், எப்படிச் சொல்கிறாள் என்பதை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு மதியம் அவள் சீக்கிரம் வந்துவிட்டாள். நான் “ஏங்க” சதுரத்தின் மேல் விரலை வைத்தபடி திரும்பினேன். கதவருகே செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள்.

“யாரு வந்திருக்காங்க?” என்றாள்.

விரலை எடுத்துக்கொண்டேன். அவள் கைப்பையை ஆணியில் மாட்டினாள்.

“திரும்ப எடுங்க. அத்தனயும். அது மேலயே.”

“மூணு மாசம் ஆவட்டும்மா. நல்லா வந்ததும்…”

“வரப்போற குரலுக்கு நீங்க காத்துக்கினு இருப்பீங்க. இருக்கறவகிட்ட யாரு பேசறது?”

அடுத்த அமாவாசையன்று தறிகள் ஓய்ந்திருந்தன. மைக்கை அதே இடத்தில் வைத்தேன். இந்த முறை அவளுக்கு லைவ் குரல் வரவில்லை. அந்த இழுப்பு ஏறாது என்பதால், எல்லாம் வீட்டுப் பேச்சாகவே பதிந்தது. முதல் கோப்பான ‘ம்’மைச் சேமிக்கப் போனேன். திரை கேட்டது: இதே பெயரில் ஒன்று ஏற்கெனவே உள்ளது, அதை நீக்கிவிட்டு மாற்றவா?

பெயருக்குப் பின்னால் ஒரு எண் சேர்த்தால் போதும். பழையதும் இருக்கும், அவளுக்கும் தெரியாது. விரல் அந்த எண்ணுக்குமேல் நின்றது.

“அழிச்சிடவா?” என்று கேட்டேன். “நெசமாவா?”

அவள் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, கீழ் இடது மூலையைத் தொட்டாள். அழுத்தாமல், விரல் நுனியால்.

“ம்” என்றது பழைய குரல்.

மாற்று என்பதை அமுக்கினேன். புதியது ஏறிச் சதுரத்தில் உட்கார்ந்தது. அவள் மறுபடி தொட்டாள். ஒரு கனமான, கொஞ்சம் கரகரத்த ‘ம்’ வந்தது.

“இது எந்த ‘ம்’?” என்று கேட்டேன்.

“பசிக்குதுன்ற ‘ம்’” என்றாள், தன் தொண்டையால். “சாப்ட்டுட்டு மிச்சத்த ஏத்தலாம், எழுந்திருங்க.”