கராஜ் கூரையில் படர்ந்த முந்திரிகை

ஒக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட்டில் நாங்கள் வாங்கியது பழைய மரவீடு. பின்வளவின் கடைசியில், ரயில் பாதையை ஒட்டிய சரிவில், தகரக் கூரை போட்ட கராஜ் ஒன்று சாய்ந்து நின்றது. அதன்மேல் ஒரு முந்திரிகைக் கொடி ஏறிப் படர்ந்திருந்தது. அடிமரம் என் தொடைப் பருமன் இருக்கும். யார் நட்டது என்று வீட்டை விற்றவர்களுக்கும் தெரியவில்லை. முந்திரிகை என்று நான் சொல்வது திராட்சையை. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்யும் மதுரைக்காரத் தோழி, கராஜ் மேலே முந்திரி எப்படிக் காய்க்கும் என்று முதலில் குழம்பிப்போனாள்.

பழம் சின்னஞ்சிறியது, கறுப்பு, தோல் தடிப்பு, விதை அதிகம். மகள் ஒன்றைக் கடித்துத் துப்பியதோடு சரி. கணவருக்கோ அந்தக் கொடியைக் கண்ணிலே காட்டக்கூடாது. பழுத்து விழும் காலத்தில் கொங்கிறீட் தரையெல்லாம் கறை பிடிக்கும், குளவி மொய்க்கும், மைனாக்கள் விடியவே வந்து சண்டை பிடிக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டு, கராஜையும் இடித்து, ஓர் அறை கட்ட வேண்டும் என்று அவர் ஒவ்வொரு கோடையிலும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் பெரிதாக மறுக்கவில்லை.

இங்கே இலையுதிர்காலமான ஏப்ரல் மாதத்து ஞாயிறு ஒன்றில் ஒரு பெண் வந்து கதவைத் தட்டினார். என் வயதுதான் இருக்கும். சப்பாத்தில் சேறு காய்ந்திருந்தது. ரயிலில் போகும்போது எங்கள் கராஜின் மேல் இலைகள் இரத்தச் சிவப்பாக மாறியிருந்ததைப் பார்த்தாராம். அடுத்த நிலையத்தில் இறங்கித் தெருத் தெருவாகத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். கொடியை ஒருதரம் பார்க்கலாமா என்று கேட்டார்.

நான் பின்வளவுக்குக் கூட்டிப்போனேன். மைனாக்கள் விட்டுவைத்த வற்றல் குலை ஒன்றில் இன்னும் சாறிருந்த ஒரு பழத்தைப் பிடுங்கி, உள்ளங்கையில் வைத்து நசுக்கினார். சாறு கடுஞ்சிவப்பாக வழிந்தது. கறுப்பு முந்திரிகை என்றாலும் உள்ளே சதை வெளிறித்தான் இருக்கும், வைனுக்கு நிறம் தருவது தோல், ஆனால் இந்த இனத்துக்குச் சதையே சிவப்பு என்று விளக்கினார்.

நகரத்துக்கு மேற்கே அவர் சிறியதொரு முந்திரிகைத் தோட்டம் வைத்திருந்தார். அவருடைய முன்னோர் குரோஷியாவின் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்து, மேற்கு ஒக்லாந்தின் களிமண்ணில் முந்திரிகை நட்டவர்கள். பிறகு ஊரெல்லாம் பெயர்பெற்ற புது இனங்களுக்கு மாறியபோது, பழைய கொடிகளை அவருடைய அப்பாவே வேரோடு பிடுங்கி எரித்திருக்கிறார். அந்தப் பழைய இனங்கள் வீட்டு வளவுகளில் எங்காவது தப்பியிருக்காதா என்று பல வருடங்களாகத் தேடுகிறாராம்.

"இதுக்கு ஒழுங்கான பெயர்கூட இல்லை. உருவாக்கினவரின் பெயரும் ஓர் இலக்கமும்தான். அதனாலதான் எல்லாரும் சுலபமாக மறந்துவிட்டார்கள்" என்றார்.

கணவர் சமையலறை யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் போனபிறகு, "உந்தப் புளிச்ச பழத்துக்கு இவ்வளவு கூத்தோ?" என்று கேட்டார்.

குளிர்காலத்தில், இலையெல்லாம் கொட்டியபின், அந்தப் பெண் கத்தரியோடு வந்தார். பென்சில் பருமனான தடிகளாகப் பார்த்து வெட்டி, ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போனார். எங்களுக்கும் கொஞ்சம் தந்து, பூச்சாடிகளில் ஊன்றிக் காட்டினார். வசந்தத்தில் அவை துளிர்த்தன. கோடை தொடங்கியபோது ஒவ்வொன்றும் என் முழங்கால் அளவுக்கு நின்றது.

அந்தக் கோடையில்தான் பெருமழை வந்தது. ஒக்லாந்தில் இருந்தவர்கள் யாரும் அந்த மழையை மறந்திருக்க மாட்டார்கள். நான் வேலையில் அகப்பட்டுக்கொண்டேன். ரயில் ஓடவில்லை, தெருக்களில் கார்கள் மிதந்தன. ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தபோது பின்வளவுச் சரிவு மண்ணோடு இறங்கியிருந்தது. கராஜ் நொறுங்கிக் கிடந்தது. கொடி வேரோடு பிய்ந்து, தகரங்களுக்கு அடியில் தலைகீழாகக் கிடந்தது. இத்தனை நாளும் அதைப் பற்றி நான் அவ்வளவாக நினைத்ததில்லை. ஆனாலும் அழுகை வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணுக்குப் போன் எடுத்தேன். ஓடை பெருகி அவருடைய நாற்றுக் கொட்டிலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்றார். எங்கள் தடிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தாய்க் கொடியிலிருந்து திரும்ப வெட்டலாமா என்று கேட்டார். அதுவும் போய்விட்டதென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பக்கத்தில் நின்ற கணவர் மெதுவாகச் சொன்னார்: "சாடியள் இருக்கெண்டு சொல்லும். லோண்ட்ரிக்குள்ள இருக்கு."

நான் திரும்பிப் பார்த்தேன். மழை வலுத்தபோது எல்லாவற்றையும் தூக்கி உள்ளே வைத்தாராம். போய்ப் பார்த்தால், உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பின்னால், இலைகள் கொஞ்சம் மஞ்சளித்து, எல்லாச் சாடிகளும் வரிசையாக நின்றன.

"உங்களுக்கு இந்தக் கொடி பிடிக்காதே, என்னப்பா" என்றேன்.

"கொடி எனக்குப் பிடிக்காதுதான். ஆனா அந்த மனிசி அண்டைக்கு எவ்வளவு தூரம் நடந்து வந்தவ" என்றார்.

சாடிகளை எங்கள் காரில் ஏற்றிக்கொண்டு மேற்கே போனோம். அந்தக் குளிர்காலம் அவற்றை மேட்டு நிலத்தில் நட்டபோது குழி வெட்டியது கணவர்தான். பிறகு மாதத்தில் ஒரு சனிக்கிழமை என்று அது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. களை பிடுங்குவது, கம்பியில் கொடியைக் கட்டுவது, பறவைகளுக்கு வலை போடுவது. மதுரைத் தோழியும் சில தரம் வந்தாள். ஒரு வருடம் பூஞ்சணம் பிடித்துப் பாதி இலை கருகியது, கொடிகள் தாங்கிக்கொண்டன. மூன்றாம் கோடையில் காய்த்தன. குலைகளை வெட்டிய நாள் எங்கள் கைகள் மணிக்கட்டுவரை சிவந்திருந்தன. எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை.

கிடைத்த வைன் ஒரு பெரிய கண்ணாடிக் குடுவைக்குள் அடங்கியது. போன வசந்தத்தில் அதைத் திறந்த அன்று அந்தப் பெண் தன் அப்பாவையும் முதியோர் இல்லத்திலிருந்து அழைத்து வந்திருந்தார். எங்கள் வீட்டில் விஸ்கி குடிப்பவர் கணவர் மட்டும்தான். வைன் எனக்கு அதுவே முதல்முறை. நாவற்பழம் தின்றால் நாக்கில் பிடிக்குமே, அப்படியொரு துவர்ப்பு. பிறகு, எதிர்பாராமல், இனிப்பாகவும் இல்லாமல் புளிப்பாகவும் இல்லாமல் தொண்டையில் ஒரு சூடு. நான் இன்னொரு மிடறு குடித்தேன்.

கிழவர் அவசரப்படவில்லை. கண்ணாடிக் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். குடித்தார்.

"மற்ற வைனுக்கு நிறம் ஏற்றத்தான் இதை வைத்திருந்தோம். இதைத் தனியாக ஊற்றிப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை" என்றார்.

அந்தப் பெண் அப்பாவின் தோளில் கை வைத்தார். எரித்த கதையை யாரும் எடுக்கவில்லை. கிழவர் கோப்பையை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார்.

இந்தக் குளிர்காலம் அந்தக் கொடிகளிலிருந்து வெட்டிய தடிகளால் இன்னும் இரண்டு வரிசை நட்டிருக்கிறோம். போன வாரம் ஏவன்டேலில் ஞாயிற்றுச் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பும்போது கணவர் திடீரென்று காரை ஓரங்கட்டினார். ஒரு வாடகை வீட்டு வேலிமேல், இலையில்லாத பழைய முந்திரிகைக் கொடி ஒன்று முறுக்கிக்கொண்டு கிடந்தது. நான் சீட் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் அவர் இறங்கிப்போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.