சில்லுச் சாரம் வாடகைக்கு விடப்படும்

வாடகைக்குச் சாமான் குடுக்கிற தொழிலிலை, எடுக்கேக்கை வாடிக்கையாளர் சிரிப்பினம், திருப்பித் தரேக்கை நாங்கள் அழவேணும். கதிரை, பந்தல், கிடாரம் வாடகைக்கு விடுற சகபாடிகளுக்கு இதை நான் சொல்லித் தெரியத் தேவையில்லை. ஆனால் உங்கடை கதிரையிலை இருந்து ஒருத்தர் விழுந்தால் சனம் சிரிக்கும். என்ரை சாமானிலை இருந்து விழுந்தால் நேரே ஆஸ்பத்திரிதான். வேலணையிலை நான் வாடகைக்குக் குடுக்கிறது அலுமினியச் சாரம். உயரத்திலை பெயின்ற் அடிக்கிறவை ஏறி நிக்கிற, உருட்டிக்கொண்டு போகக் கீழை நாலு சில்லுப் பூட்டின சாரம்.

லண்டனிலை இருந்து ஒரு கண்

என்ரை மனிசன் பெயின்ரர். தடியும் கயிறும் வைச்சுக் கட்டின சாரத்திலை ஏறி எத்தினையோ கோயிலுக்கு நிறம் அடிச்சவர். ஒருநாள் ஒரு கோயிலிலை கயித்து முடிச்சு இளகி, விழுந்து கால் முறிஞ்சது. கால் பொருந்தி வந்திட்டுது, மனம் பொருந்தேல்லை. அதுக்குப் பிறகு கதிரையிலை ஏறி பல்ப் மாத்தவும் மாட்டார். வேலை தெரிஞ்ச மனிசன் வீட்டிலை சும்மா இருந்து சுவரைப் பாக்கிறதைக் காண எனக்கு நெஞ்சு வெடிக்கும். உண்மையைச் சொல்லப்போனால், இவரைத் திரும்ப ஏத்தவேணும் எண்டுதான் நான் இந்தத் தொழிலையே துவங்கினனான். வாடகை எல்லாம் பிறகு.

லண்டனிலை இதே வேலை செய்யிற என்ரை தம்பிதான் சாமானை அனுப்பிவிட்டவன். அங்கையும் முந்தி மேல் தட்டிலை ஏறி நிண்டுகொண்டுதான் சுத்திவரக் கைப்பிடிக் கம்பி பூட்டுறவையாம். பூட்டி முடிக்க முன்னம் விழுந்தவை கனபேராம். அதாலை, கீழ்த் தட்டிலை நிண்டபடியே மேல் தட்டுக்குக் கம்பியைப் பூட்டிப்போட்டுத்தான் ஏறவேணும் எண்டு பேந்து விதியை மாத்தினவையாம். வெளிப்பக்கத்தாலை ஏறக் கூடாது, உள் ஏணியாலைதான் ஏறவேணும். ஆள் மேலை நிக்க உருட்டக் கூடாது. உயரம் கூடினால் சரிஞ்சு விழாமல் நாலு மூலையிலும் பக்கக் கால் விரிக்கவேணும். இதெல்லாம் ஆரோ விழுந்த பிறகு எழுதின விதியள் எண்டு வீடியோக் கோலிலை பாடம் எடுத்தான். நான் முதல்தரம் பூட்டி முடிச்சுப் பெருமையாய் ஃபோனைத் திருப்பிக் காட்டினன். அங்கை இருந்துகொண்டே, சில்லு உருளாமல் தடுக்கிற பூட்டை நான் மிதிக்க மறந்ததைக் கண்டுபிடிச்சிட்டான்.

"அக்கா, உதிலை ஏறினால் நேரே என்னட்டை லண்டனுக்கு வந்து சேருவியள்."

சாமி வாற வழி

ஒரு கோயிலிலை திருவிழா நேரம் உள்வீதிக் கூரைக்குக் கீழை நிறம் அடிக்கக் கேட்டவை. பூட்டிக் குடுத்திட்டு வந்தனாங்கள். அடுத்தநாள் காலமை போய்ப் பாத்தால், சாரம் இருக்கு, நாலு பக்கக் காலையும் காணேல்லை! கழட்டி, சாமியின்ரை வாகனங்கள் வைக்கிற வாகனசாலைக்குள்ளை கொண்டுபோய் வைச்சிருக்கினம். இரவு சாமி வீதி சுத்தி வரேக்கை கால் நாலும் வழியை மறிச்சுதாம். கோயிலுக்கு நிறம் அடிக்க வந்த பெயின்ரர் வேறை வாளியோடை ஏற ஆயத்தமாய் நிக்கிறார்.

எனக்கு வந்த விசருக்கு, கோயில் எண்டும் பாக்காமல் கத்தினன். சாமிக்கு வழி விட்டது சரி, சாமி போன பிறகு திரும்பப் பூட்ட என்ன கேடு எண்டு கேட்டன். கோயில் தலைவர் ஒரு அமைதியான மனிசர். திருநீற்றை எடுத்து எனக்கு நீட்டிக்கொண்டு, நேற்றுச் சாமி இதுக்குப் பக்கத்தாலைதான் போனவர், அவர் பாத்துக்கொள்ளுவார் எண்டார். என்னோடை வந்த என்ரை மனிசன் மெல்லமாய்ச் சொன்னார்.

"ஐயா, நான் விழேக்கையும் சாமி பக்கத்திலைதான் நிண்டவர்."

சோளகம்

ஊர்காவற்றுறையிலை கடலோரமாய் அன்ரன் அண்ணை எண்டு ஒருத்தற்றை வீடு. மீன்பிடிக்கிற குடும்பம். அங்கை வேலைக்கு வந்த பெயின்ரருக்கு வெயில் தாங்க ஏலாமல் போச்சுது. கெட்டித்தனமாய் வெயில் மறைக்க ஒரு பெரிய படங்குச் சீலையை எடுத்துச் சாரத்தின்ரை ஒரு பக்கம் முழுக்க இழுத்துக் கட்டியிருக்கிறார். ஒற்றைத் தட்டு உயரம்தானே எண்டு பக்கக் காலும் இல்லை. சில்லுப் பூட்டையும் மிதிக்கேல்லை. பிளேன்ரீ குடிக்க அவர் குசினிப் பக்கம் போன நேரம் பாத்து சோளகக் காத்து ஒரு தள்ளுத் தள்ளிச்சுது. ஆளில்லாத சாரம் சீமெந்து முற்றத்தாலை உருண்டு போய் மதிலிலை முட்டித்தான் நிண்டது. நாங்கள் அடுத்த சாமானை இறக்கிக்கொண்டு வாசலிலை நிண்டனாங்கள். எங்கடை கண்ணுக்கு முன்னாலைதான் இவ்வளவும் நடந்தது.

நான் பெயின்ரரைப் பேசிக்கொண்டு நிக்க, என்ரை மனிசன் ஓடிப்போய் நாலு சில்லையும் பூட்டினார். பேந்து படங்கை அவிழ்க்க எட்டேல்லை எண்டு உள் ஏணியிலை ரெண்டு படி ஏறிட்டார். தான் ஏறினது அவருக்கே தெரியாது. எனக்குத் தெரியும். பேச்சை அப்பிடியே விழுங்கிப்போட்டு மூச்சுக் காட்டாமல் நிண்டன். அவர் இறங்கின பிறகுதான் அன்ரன் அண்ணை மதிலையும் சாரத்தையும் மாறி மாறிப் பாத்துப்போட்டுச் சொன்னார்.

"தங்கச்சி, பாய் கட்டித் தாறது எண்டால் சுக்கானும் சேத்தெல்லே தரவேணும்."

ஒழுகின நீலம்

பெருநாள் கிட்டின நேரம் ஒரு சேர்ச்சிலை இருந்து ஆள் வந்தது. முன்சுவருக்கு நீலம் அடிக்க அவசரமாய்ச் சாரம் வேணுமாம். குடுத்தனாங்கள். ரெண்டாம் நாள் மத்தியானம் பாக்கப் போனால் அடிக்கிறவர் சாப்பிடப் போயிட்டார். சுவரிலை நீலம் அழுதமாதிரிக் கோடு கோடாய் ஒழுகிக் கிடக்குது. என்ரை மனிசன் அண்ணாந்து பாத்தார். முகம் கறுத்துப்போச்சுது. இது காஞ்சால் பேந்து சுரண்டித்தான் எடுக்கவேணும் எண்டு முணுமுணுத்தார். கொஞ்சத்தூரம் நடந்தார். திரும்பி வந்தார்.

சில்லுப் பூட்டு ஒவ்வொண்டையும் காலாலை மிதிச்சுப் பாத்தார், பக்கக் காலை அசைச்சுப் பாத்தார், மேல் தட்டுக் கம்பியைக் கண்ணாலை ஒருக்கால் சுத்திப் பாத்தார். கீழை கிடந்த பெயின்ற் பிரஸ்ஸை இடுப்பிலை செருகிக்கொண்டு உள் ஏணியாலை ஏறத் துவங்கினார். முதல் தட்டிலை நிண்டு மூச்சு வாங்கினார். இறங்கப்போறார் எண்டு நினைச்சன். இல்லை, ஏறினார்.

இந்த ஒரு நாளுக்காகத்தானே இவ்வளவு பாடும் பட்டனான்? அந்த நாள் வரேக்கை, மனிசன் விழுந்த அண்டைக்குக் கேட்ட சத்தம் திரும்பக் காதுக்குள்ளை வந்திட்டுது. எல்லாம் சரியாய்ப் பூட்டியிருக்கெண்டு எனக்கு வடிவாய்த் தெரியும், ஆனாலும் ரெண்டு கையாலையும் சட்டத்தை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு கண்ணை மூடினன். கண்ணீர் வந்தது. மேலை பிரஸ் சுவரிலை உரசுற சத்தம் கேட்டது, பிறகு நிண்டது. மனிசன் கம்பிக்கு மேலாலை எட்டிப் பாத்தார்.

"கையை எடும். நீர் நடுங்கிறது மேலை வருது."

கீழை நிக்கிற பெண்சாதி சட்டத்திலை இருந்து கையை எடுக்கவேணும் எண்டு லண்டன்காரரும் இன்னும் ஒரு விதி எழுதேல்லை.