இருபத்தேழாம் இலக்க வில்லையும் எங்கள் அதிபரும்

சுரங்கத் தொழிலில் கல் விழுந்து செத்தவனைவிட, "விழாது, வா" என்று கூப்பிட்டவனை நம்பிச் செத்தவனே அதிகம் என்பார்கள். அந்தத் தொழிலைப் படிப்பிக்கும் கல்லூரியில் நான் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். பதுளையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஒரு தேயிலைத் தோட்டத்தின் முதுகுப்புறத்தில் கல்லூரி. அதன் பின்னால் மலையைக் குடைந்து ஒரு பயிற்சிச் சுரங்கம். மேலதிகாரியோடு வாதாடித் தோற்றுவிட்டு, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் சரியான பதில் ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்ட சகபாவிகளே, இது உங்களுக்காகத்தான். என்னை அப்படி நாக்கைக் கடிக்க வைத்தவர் எங்கள் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருளம்பலம் சேர்.

கல்லுக்குத் தெரியுமா?

பல்கலைக்கழகத்திலிருந்து பட்டத்தோடும் அதைவிடப் பெரிய கோபத்தோடும் வந்து இறங்கியவள் நான். முதல் நாளே, "எப்ப சேர் சுரங்கத்துக்குள்ள போகலாம்?" என்றேன். போக முடியாதாம். பெண் உள்ளே காலெடுத்து வைத்தால் கல் விழும் என்பது வழக்கமாம். சுரங்கத்தில் வேலை செய்தவர்களில் பாதிப்பேர் பக்கத்துத் தோட்டத்து லயக் குடியிருப்புகளிலிருந்து வந்த தமிழர், பாதிப்பேர் சிங்களக் கிராமத்தவர். வேறெதிலும் ஒத்துப்போகாதவர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணன் தம்பி!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதிபரின் மேசைக்கு முன்னால் நின்று, "கல்லுக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமா சேர்?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். "கல்லுக்குத் தெரியாது பிள்ளை. உள்ளுக்கு நிக்கிற பன்னிரண்டு பேருக்குத் தெரியும். பயந்தவன்ர கை நடுங்கும். அந்தக் கையிலதான் வெடிமருந்து இருக்கு."

திங்கட்கிழமைக் கடிதங்கள்

வாயால் வெல்ல முடியாதவரை எழுத்தால் வெல்லத் தீர்மானித்தேன். என் மேசைக்கும் அவர் மேசைக்கும் பத்தடி தூரம். இருந்தாலும் ஒவ்வொரு திங்களும் ஒரு கடிதம். "நேற்று முன்தினம் பஸ்ஸில் தோன்றியது யாதெனில்" என்றுதான் எல்லாக் கடிதமும் தொடங்கும். ஆண்கள் ஏறத் தயங்கும் சரிவில் தோட்டத்துப் பெண்கள் கூடையோடு ஏறுவதை எழுதினேன். ரோட்டோரக் கற்குவாரியில் வெடித்த கல்லை உடைப்பவர்கள் பெண்கள்தானே, அங்கே மட்டும் மலைக்குக் கோபம் வராதா என்று எழுதினேன். ஒவ்வொன்றும் அன்றைக்கே சிவப்பு மையோடு திரும்பி வரும். "மூன்றாம் பந்தியின் வாதத்தில் வலுவில்லை." "இது கோபம், காரணமல்ல." "இதைவிட நல்ல நியாயம் உம்மிடம் உண்டு. தேடும்."

எத்தனையோ திங்களுக்குப் பிறகு ஒன்று எழுதினேன், நாலே வரி. மேசையில் கிடக்கும் கற்துண்டைக் காட்டி, இது கூரையாக நிற்கும், இது நிற்காது என்று படிப்பிக்கிறேன். நான் கண்ணால் காணாத கூரை அது. என் பேச்சை நம்பி மாணவர்கள் அதன் கீழே நிற்கிறார்கள். "விழாது, வா" என்று கூப்பிடுகிறவளாக என்னை வைத்திருக்கிறீர்கள்.

அந்தக் கடிதம் திரும்பி வரவில்லை. அதிபரே எழுந்து சுரங்க வாசலுக்குப் போய், வேலையாட்களைக் கூட்டினார். "மிஸ் உள்ளுக்கு வரப்போறா. நான் முன்னால போவன். கல் விழுந்தால் முதல்ல எனக்குத்தான்" என்றார். வாசலில் காவல் இருக்கும் மாரிமுத்து அண்ணன் தலையைச் சொறிந்தார். "அப்படீன்னா சரிங்க ஐயா. ரெண்டு பேருக்கும் ஒரே குழியா வெட்டிப்புடலாம், வேலை மிச்சம்."

பலகையும் பெரிய மனிதரும்

சுரங்க வாசலில் ஒரு பலகை உண்டு. ஒரு பக்கம் "உள்ளே", மறுபக்கம் "வெளியே". ஆளுக்கொரு இலக்கமிட்ட பித்தளை வில்லை. போகும்போது "உள்ளே" ஆணியில் மாட்ட வேண்டும். வந்ததும் "வெளியே" மாற்ற வேண்டும். அதிபருக்கு முதலாம் இலக்கம், எனக்கு இருபத்தேழு. "உள்ளே" பக்கம் ஒரு வில்லை தொங்கினாலும் வெடி வைக்க முடியாது, கேற்றைப் பூட்ட முடியாது, யாரும் வீட்டுக்குப் போக முடியாது. இன்னொன்று: ஒருவருடைய வில்லையை இன்னொருவர் தொடவே கூடாது. உயிரோடு வந்தவன் தன் கையால் மாற்றினால்தான் அவன் வந்ததற்குச் சாட்சி.

ஒருமுறை கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் பார்வையிட வந்தார். மினுங்கும் சப்பாத்து, வெள்ளைக் காற்சட்டை. மாரிமுத்து அண்ணன் வில்லையை நீட்ட, "எனக்கெதற்கு இந்த மாட்டு மணி?" என்று தள்ளிவிட்டார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அதிபர் சிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. கையால் வழியைக் காட்டினார். "தாராளமாப் போங்கோ ஐயா. வில்லை இல்லாத ஆளை மட்டும் நாங்கள் தேடுறதில்லை."

பெரிய மனிதர் இரண்டு வில்லை கேட்டதாகப் பிறகு கதை கட்டினார்கள். ஒன்றுதான் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

நான் வெளியே, நான் உள்ளே

இனி என் வெட்கக்கேடு. ஒரு வெள்ளிக்கிழமை சுரங்கத்திலிருந்து வெளியே வருகிறேன், வளைவில் பதுளை பஸ்ஸின் ஹோர்ன் கேட்கிறது. அதை விட்டால் அடுத்தது இரண்டு மணி நேரம் கழித்து. தலைக்கவசத்தை எறிந்துவிட்டு ஓடினேன். வீட்டுக்குப் போய் முகம் கழுவி, ரொட்டியும் சம்பலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது வாசலில் ஒரு லொறி நின்றது. வெலிமடை உருளைக்கிழங்கை பதுளைக் கடைகளுக்குக் கொண்டுவரும் முஸ்லிம் அண்ணன் ஒருவர், எங்கள் எல்லாருக்கும் நானா. எங்கள் கல்லூரி வழியாகத்தான் வருவார். இறங்கி, என்னை மேலும் கீழும் பார்த்தார். "தங்கச்சி, நீங்க இன்னும் சுரங்கத்துக்குள்ளதான் இருக்கீங்களாம். வெளிய வரச் சொல்லி ஐயா அனுப்பினாரு, ஏறுங்க."

தேடியவர்கள்

உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து திரும்பிப் போனேன். பொழுது சாய்ந்திருந்தது. ஒருவரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. பலகையின் "உள்ளே" பக்கம் என் இருபத்தேழு தொங்கியது. பக்கத்தில் அதிபரின் முதலாம் இலக்கமும் தேடப் போனவர்களின் வில்லைகளும். நான் பஸ்ஸில் ஏறியதைத் தேநீர்க்கடைக்காரர் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். "அது மிஸ்தான் எண்டு சத்தியம் பண்ணுவீரோ?" என்று அதிபர் கேட்க, மனிதர் தடுமாறியிருக்கிறார். அவ்வளவுதான், நானாவிடம் சேதி சொல்லிவிட்டு, முழங்கால் வலியோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டார். ஒவ்வொரு கிளைவழியாகத் தேடி, உடம்பெல்லாம் சேறு அப்பி அவர் வெளியே வந்தபோது நான் என் வில்லையை மாற்றிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்தார். தன் வில்லையை மாற்றினார். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை இருபத்தேழாம் வில்லையை அவர் மேசையில் வைத்தேன். இதை என்னிடமிருந்து நிரந்தரமாகப் பறித்துவிட வேண்டும் என்று சக விரிவுரையாளர்கள் ஏற்கனவே சொல்லியிருந்தார்கள். "ஆம்பளை மறந்தா என்ன தண்டனையோ அதையே குடுங்க சேர். பொம்பளைன்னு கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்" என்றேன். அவர் விதிப் புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் தேடி, உரக்க வாசித்தார்: ஒரு மாதம் உள்ளே போகத் தடை, அந்த ஒரு மாதமும் பலகைக் காவல். புத்தகத்தை மூடினார். வில்லையை மேசை லாச்சிக்குள் போட்டுத் தள்ளி மூடினார். மாதம் முடிந்த அன்று காலை அது என் மேசையில் இருந்தது.

அந்த ஒரு மாதமும் பலகைக்குக் கீழே மாரிமுத்து அண்ணனோடு உட்கார்ந்து பிளேன்டீ குடித்தேன். அவர்தான் ஒருநாள் சொன்னார்: "பொம்பள உள்ள போனா கல்லு விழும்னு பயந்தோமுங்க மிஸ். கடைசியில உள்ள இல்லாத பொம்பளைக்காகத்தான் நாங்க முட்டி தேய்ஞ்சோம்!"

முதலாம் இலக்கம்

சேர் ஓய்வு பெற்ற நாள். கடைசியாக ஒருமுறை சுரங்கத்துக்குள் தனியாகப் போய் வந்தார். வெளியே வந்ததும் மாணவர்கள் மாலையோடு சூழ்ந்து, தூக்காத குறையாகக் காரில் ஏற்றிவிட்டார்கள். பதுளையிலிருந்து மாலை ரயில் (சேருக்கு அது கோச்சி), பிறகு யாழ்ப்பாணம். கார் போய் மறைந்த பிறகுதான் பார்க்கிறோம், "உள்ளே" பக்கம் முதலாம் இலக்கம் தொங்குகிறது! "ஐயா போயிட்டாரு, நாமளே மாத்திடுவோமுங்க" என்று மாரிமுத்து அண்ணன் கையை நீட்டினார். கையைத் தட்டிவிட்டேன். மரியாதைக்காக ஒருமுறை பொய் சொன்ன பலகையை அதற்குப் பிறகு யார் நம்புவார்கள்?

அதே பதுளை பஸ்ஸைப் பிடித்தேன். ஸ்டேசனில் அவர் பெட்டியை மேலே வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "சேர், நீங்க இன்னும் சுரங்கத்துக்குள்ள இருக்கீங்க. இறங்குங்க" என்றேன். முகம் வெளுத்துவிட்டது. பிறகு, "நீர் பாத்தனீர்தானே நான் வெளியில வந்ததை? நீரே மாத்திவிடும்" என்றார். "சத்தியம் பண்ணுவேன் சேர். ஆனா பலகைக்கு உங்க கைதான் வேணும்."

ரயில் ஊதியது. அவர் பெட்டியை இறக்கினார். இன்னும் வாடாத மாலையைக் கழுத்தில் சரிசெய்துகொண்டு, எனக்கு முன்னால் பிளாட்பாரத்தில் நொண்டி நடந்தபடி சொன்னார்: "இந்தமுறை உம்மட பதில், கோச்சி வெளிக்கிட முதலே வந்திட்டுது, பிள்ளை."

அவரோடு நேருக்கு நேர் நின்று நான் வென்ற ஒரே வாதம் அதுதான், அதையும் அவருடைய சட்டத்தைக் கடன் வாங்கித்தான் வென்றேன்.