சோதனைக்குப் போட்ட வரன்

அரியலூரில் ஒரு சிமெண்ட் கடைக்கு மேலே, தகரக் கூரை போட்ட அறையில் உட்கார்ந்து இளையபெருமாள் வெப் அப்ளிகேஷன் எழுதிக்கொண்டிருந்தான். அது 2006. மாடியில் என்ன வேலை நடக்கிறது என்பது கீழே இருந்த கடைக்காரருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. "டிவி ரிப்பேருங்களா தம்பி?" என்று ஒருநாள் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டான். விளக்கப் போனால் மாளாது.

வயது முப்பத்தாறு. வேலை பார்த்த சென்னைக் கம்பெனி மூடியதும் ஊர் திரும்பி, அம்மாவைப் பார்த்துக்கொண்டு இருந்தான். போன வருடம் அம்மாவும் போய்ச் சேர்ந்தார். மிச்சம் அவன், ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலிகள். இரண்டாவது நாற்காலிக்கு ஒரு காரணம் உண்டு. ஒருவர் எழுதிய புரோகிராமை இன்னொருவர் உட்கார்ந்து பார்க்காமல் சென்னையில் வெளியே விடமாட்டார்கள். அரியலூரில் இன்னொருவருக்கு எங்கே போவது? அதனால் எழுதி முடித்ததும் எழுந்துபோய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வேற்றாள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "இத ஏன் சார் இப்படி எழுதுனீங்க?" என்று தன்னையே கேட்பான். பதிலும் சொல்வான். யாராவது பார்த்தால் சிரித்திருப்பார்கள். பார்க்கத்தான் ஆளில்லை.

அப்போது கையில் இருந்த வேலை பெரம்பலூர் தங்கராசுவுடையது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் திருமணத் தகவல் மையம் நடத்துகிறவர். வரன்களை இன்டர்நெட்டில் ஏற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டார். முதல் நாளே, "சாருக்கு எத்தன புள்ளைங்க?" என்று கேட்டார். கல்யாணமே ஆகவில்லை என்று ஒரு கல்யாணத் தரகரிடம் சொல்லிவிட்டு யார் உயிரோடு தப்புவது? கூச்சத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவைத்தான்: "குடும்பம் சென்னையில இருக்குங்கண்ணே."

வேலையில் மட்டும் பொய் கிடையாது. ஃபிரேம்வொர்க் என்கிற ஆயத்தச் சட்டகம் தருகிற வசதிகளை வாங்கிக்கொள்வான், ஊருக்கு ஒத்துவராததை அறுத்தெறிவான். குடும்பப் பெயர் கட்டாயம் என்று கேட்ட பெட்டியை முதல் வேலையாகத் தூக்கினான். நம் பக்கத்தில் இனிஷியல்தான் உண்டு. வயதைச் சேமிக்காதே, பிறந்த தேதியை வாங்கி சர்வரே கணக்குப் போடட்டும் என்பது அவன் சட்டம். இல்லாவிட்டால் பெண்ணைப் பெற்றவர்கள் இருபத்தேழை நாலு வருடம் ஓட்டுவார்கள். நிரப்புகிறவர் திரையில் நடக்கிற சோதனையை மட்டும் நம்பாதே, வந்ததையெல்லாம் சர்வரில் மறுபடி சரிபார். நெட் சென்டரில் பக்கம் நகரவில்லை என்று பொத்தானை நாலு தடவை அமுக்குவார்கள். வரன் ஒன்றுதான் பதிவாக வேண்டும். பாதியில் கரண்ட் போனால் முழுதும் ஏறியிருக்க வேண்டும், அல்லது எதுவுமே ஏறியிருக்கக் கூடாது.

எதையும் நிஜமாக அழிக்காதே என்பதும் ஒன்று. அதைத் தங்கராசுவே சொல்லிக்கொடுத்தார். "கோச்சுக்கிட்டு வரன எடுத்துடுன்னுவாங்க சார். அடுத்த மாசமே வந்து நிப்பாங்க." அதனால் நீக்கு என்றால் பதிவு மறைந்து மட்டும் போகும். தேடி வருகிறவருக்கு ஒரு வரி தெரியும்: 'இந்த வரன் தற்போது இல்லை.'

இவ்வளவும் தெரிந்தவன் ஒன்றில் கோட்டை விட்டான். சோதனைக்கு ஒரு தகவல் தளம், நிஜத்துக்கு ஒரு தகவல் தளம் என்று பிரித்து வைக்கவில்லை. பொய் வரன் ஒன்று கற்பனை செய்யச் சோம்பல்பட்டு, தன் படத்தையும் சொந்த விவரத்தையுமே போட்டிருந்தான். தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக மாறாமல் வருகிறதா என்று பார்க்க, 'என்னைப் பற்றி' பெட்டியில் மனதில் வந்ததை அடித்தான்: 'சமையல் நானே. சாயங்காலத்தில் பேச ஆள் கிடையாது.' இணையதளம் திறந்தபோது இந்தப் பதிவும் கூடவே வெளியே போய்விட்டது.

பத்து நாள் போலக் கழிந்து, காலையில் புரோகிராமில் வந்த பிழைகளின் பட்டியலைப் பார்க்க உள்ளே போனவனுக்கு, அவன் வரனுக்கு ஒரு விருப்பம் வந்து கிடந்தது. நந்தினி, கீழப்பழுவூர், முப்பத்திநாலு, கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் சொல்லித் தருகிறவள். கீழே ஒரு வரி: 'நானும் சாயங்காலம் சும்மாதான் இருக்கேன்.'

உடனே மறைத்திருக்க வேண்டிய பதிவு. மறைக்கவில்லை. இரண்டாவது நாற்காலியில் போய் உட்கார்ந்து, "ஏன் சார் இத இன்னும் வச்சிருக்கீங்க?" என்று கேட்டான். பதில் சொல்ல முதல் நாற்காலிக்குத் திரும்பாமல், அவள் எழுதிய வரியை மறுபடி படித்தான். தங்கராசுவிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் போதும், அவர் அன்றைக்கே பெண் வீட்டில் பேசிவிடுவார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். மறுநாளும் அப்படியே நினைத்தான். ஆனால் தினம் சவரம் செய்துகொண்டான், அது வேறு.

ஒரு மத்தியானம் தங்கராசுவே போன் செய்தார்.

"சார், நீங்க டெஸ்ட்டுக்குப் போட்டது ஒண்ணு வெளிய தெரியுது போல. கீழப்பழுவூர்ல இருந்து பொண்ணோட அண்ணன் பேசுனாரு. நான் சொல்லிட்டேன், அவரு நமக்குப் புரோகிராம் எழுதுறவருப்பா, குடும்பஸ்தரு, அப்படி ஒரு மாப்பிள்ளையே கெடையாதுன்னு."

இளையபெருமாள் திரையில் இருந்த தன் படத்தைப் பார்த்தான்.

"பாவம் சார். வந்த வரனெல்லாம் வேணாம்னு தள்ளிக்கிட்டு இருந்த புள்ள, இதுக்குத்தான் மொத தடவ சரின்னுச்சாம். கொஞ்சம் பாத்து எடுத்துடுங்க."

"அண்ணே..."

"சொல்லுங்க சார்."

இப்போது சொன்னால் நீ பொய்யனா என்பார். பெண்ணின் அண்ணனிடம் அவர் பேச்சு என்னாவது? குடும்பஸ்தன் என்று கேட்டுவிட்ட வீட்டில், இல்லை என்று யார் போய் நம்பவைப்பது?

"ஒண்ணுமில்லண்ணே. எடுத்துடறேன்."

நீக்கு என்பதை அமுக்கினான். நிச்சயமாக நீக்கவா என்று திரை கேட்டது. அவசரத்தில் யாரும் தப்பாக அமுக்கிவிடக் கூடாதென்று அந்தக் கேள்வியை வைத்தவனே அவன்தான். ஆமாம் என்றான்.

பிறகு எழுந்து இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து, நந்தினி எந்த முகவரியில் பார்த்திருப்பாளோ அதே முகவரியை அடித்து, அவள் இனிமேல் என்ன பார்ப்பாள் என்று பார்த்தான். 'இந்த வரன் தற்போது இல்லை.' தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கெடாமல் வந்திருந்தது.