டி டிரைவில் இருந்த கல்யாணம்

ராபர்ட்டால் ஒரு கம்ப்யூட்டரைச் சும்மா பார்த்துவிட்டு வர முடியாது. செஞ்சியில் திருவண்ணாமலை சாலையில் அவனுக்கு ஒரு சர்வீஸ் கடை. கடையில் உட்கார்ந்திருப்பதைவிட ஊருக்குள் அலைவதுதான் அதிகம். யார் வீட்டில் விண்டோஸ் திணறினாலும், அத எடுத்துட்டு லினக்ஸ் போட்டுடலாம் என்று பென்டிரைவோடு போய் நிற்பான். இலவசம், வைரஸ் தொல்லை இல்லை, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்று ஆரம்பித்தால் ஓயமாட்டான்.

"சர்ச்சுல சாமியார் கூட இவ்ளோ நேரம் பேசறதில்ல" என்பாள் மனைவி விமலா.

அவனிடம் கடைசியாக மசிந்தவர் ஸ்டுடியோ பாண்டுரங்கன். பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வருகிறவர்கள் கொண்டுவரும் பென்டிரைவில் எல்லாம் வைரஸ். கம்ப்யூட்டர் படுத்துப் படுத்து எழுந்துகொண்டிருந்தது. ராபர்ட் பென்டிரைவோடு போன அன்று அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயில் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் அவர் கடைச்சாவியைக் கொடுத்தார்.

"சியில இன்னாவோ பண்ணிக்க. டியில மட்டும் கைய வைக்காத. கல்யாண போட்டோல்லாம் அதுலதான் இருக்குது."

எங்கள் பக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் வேதம். ஒரே டிஸ்க்கை சி, டி என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள். ஃபார்மட் என்றால் சி மட்டும்தான். டியில் போட்டது பத்திரம். அந்தத் தைரியத்தில் யாரும் வேறெங்கும் நகல் எடுத்து வைப்பதில்லை. பாண்டுரங்கனும் படங்களை டியில் ஏற்றியதும் கேமரா கார்டை அழித்து அடுத்த முகூர்த்தத்துக்கு எடுத்துப் போய்விடுவார்.

ராபர்ட் நிதானமாக இருந்தால் எந்தப் பகுதியில் ஏற்றுவது என்று பார்த்துத்தான் செய்வான். அன்று பஜாரில் இன்னொருவர் அவனுக்காகக் காத்திருந்தார், கால் பரபரத்தது. டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவலாமா என்று திரை கேட்டது. அழிப்பது என்றால் சி தானே என்று தட்டிவிட்டான். லினக்ஸுக்கு சியும் தெரியாது, டியும் தெரியாது. டிஸ்க் முழுவதையும் துடைத்துவிட்டு அது பாட்டுக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது. நல்ல பொருளை வைத்துக்கொண்டு இப்படி ஒரு அவசரக் குடுக்கை வேலை.

விஷயம் ஸ்ரீநிதி வந்தபோதுதான் பெரிதானது. பனமலையிலிருந்து செஞ்சிக்கு வாழ வந்த பெண். கல்யாணம் முடிந்த சூட்டோடு அவள் அப்பா கனகராஜ் மாரடைப்பில் போய்விட்டார். அவர் இருக்கும் படம் ஒன்றாவது வேண்டும் என்று, கல்யாணத்தைப் படமெடுத்த பாண்டுரங்கனிடம் கேட்டு வந்தாள். கல்யாணத்தில் செல்போனைத் தூக்கியவர்கள் எல்லாம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தங்களையும்தான் எடுத்திருந்தார்கள். பாண்டுரங்கன் ராபர்ட்டின் கடையைக் கைகாட்டினார்.

ராபர்ட் நடந்ததைச் சொன்னபோது அவள் அழவில்லை, திட்டவில்லை. "பாருங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதுதான் அவனைப் படுத்தியது. நின்றால் உட்காரத் தோன்றியது, உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது.

அழிந்ததைத் தோண்டி எடுக்கவும் இலவசமாகவே ஒரு மென்பொருள் உண்டு. பாண்டுரங்கனின் டிஸ்க்கைக் கழற்றி வந்து அதை ஓடவிட்டான். படங்கள் வந்தன, ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை, வரிசை இல்லை. யார் யார் கல்யாணமோ, காதுகுத்தோ, எல்லாம் ஒரே குவியல். லினக்ஸ் ஏறிய இடத்தில் இருந்தவை திரும்பவே இல்லை. படத்துக்குள் பதிந்திருந்த தேதியை வைத்துப் பிரித்துப் பார்த்ததில், ஸ்ரீநிதியின் கல்யாணத்தில் மேடைப் படங்கள் போய்விட்டிருந்தன. மிஞ்சியவை பந்தியும் வாசலும் கூட்டமும்.

கனகராஜை அவன் பார்த்ததே இல்லை. அவள் அனுப்பிய ஆதார் படத்தில் ஒரு மனிதர் மிரண்டுபோய் விழித்துக்கொண்டிருந்தார். அதை வைத்து, பெற்ற பிள்ளையால்கூட அடையாளம் சொல்ல முடியாது. ஆனாலும் தேடினான். ஊர் சுற்றும் கால்கள் நாள்கணக்கில் மேஜைக்கடியில் தவித்தன. முகம் தெரியும் படங்களை ஒரு பக்கம் சேர்த்தான். மங்கலாக இருந்தவை, முதுகு மட்டும் தெரிந்தவை எல்லாவற்றையும் கழிவு என்று ஒதுக்கினான்.

ஸ்ரீநிதி வந்தபோது சேர்த்தவற்றைக் காட்டினான். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தாள்.

"இதுல நைனா இல்லண்ணா."

"மன்னிச்சிடும்மா. வேற எதுவும் தேறல. மிச்சமெல்லாம் வேஸ்ட்டு."

"இன்னா வேஸ்ட்டு?"

"மூஞ்சியே தெரியல. வெறும் முதுகு."

"அதக் காட்டுங்க."

அவன் எழுந்து நாற்காலியை விட்டான். அவள் உட்கார்ந்து படங்களைத் தள்ள ஆரம்பித்தாள். ஓரிடத்தில் கை நின்றது. பந்தி நடுவே சாம்பார் வாளியோடு குனிந்து பரிமாறிக்கொண்டிருந்த ஒருவரின் முதுகு. சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. அடுத்ததில் அதே முதுகு வாசலில் யாரையோ கைகூப்பி வரவேற்றது. இன்னொன்றில் தலையில் வாழையிலைக் கட்டு. அந்தச் சட்டையை ராபர்ட்டே பலமுறை பார்த்து, எரிச்சலோடு ஒதுக்கியிருக்கிறான்.

"எல்லாத்துலயும் நைனாதான் இருக்காரு" என்றாள். "கேமராவ எங்க பாத்தாரு, வேலைதான் சரியா இருந்துச்சு."

அப்புறம்தான் அழுதாள்.