பத்தாவது கை

ஷப்னம் பயிற்சிப் புத்தகத்தை மேசைமேல் விரித்து வைத்தாள். புதன்கிழமை. மூன்றாவது ஷிப்ட் தொடங்க அரை மணி நேரம் இருந்தது.

"பிப்ரவரியிலேர்ந்து ஒன்பது புதுக் கை வந்திருக்கு அக்கா. ஒன்பதுக்கும் நீங்கதான் ஊசி போட்டிருக்கீங்க. ரெக்கார்டுல எண்ணிப் பாத்துட்டேன்."

மூத்த நர்ஸ் ராமலட்சுமி ஊசிப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மலேசியாவில், குளுவாங் நகரத்து டயர் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த டயாலிசிஸ் நிலையம். பன்னிரண்டு நாற்காலிகள். சிறுநீரகம் போனவர்களுக்குக் கையில் இரண்டு ரத்தக்குழாய்களை அறுவை செய்து இணைத்துவிடுவார்கள். அந்தக் கை தேற இரண்டு மாதமாகும்; அதுவரை கழுத்தில் செருகிய குழாய்தான். தேறிய கையில் முதல் ஊசி போடுவதுதான் கடினம். தவறினால் ரத்தம் தோலுக்கடியில் பரவிக் கை கறுத்துவிடும். சிலருக்கு அந்தக் கையே பயன்படாமல் போகும். மூத்த நர்ஸ் பக்கத்தில் நின்று பார்க்க, பத்துப் புதுக் கைகளில் முதல் ஊசி போட்டால்தான் சான்றிதழ். ஷப்னத்தின் புத்தகத்தில் எட்டுக் கையெழுத்துகள் இருந்தன. எட்டாவது, ஜனவரி கடைசியில் போட்டது. இப்போது ஜூலை.

கேட்டபோதெல்லாம் ராமலட்சுமி, அடுத்த வாரம் என்றாள்.

"சிங்கப்பூர் வேலைக்குப் பத்துக் கையெழுத்தையும் அனுப்ப வெள்ளிக்கிழமை ஆறு மணி வரைக்கும்தான் டைம் குடுத்திருக்காங்க. சுப்ஹான் அங்க, நான் இங்க. ஞாயித்துக்கிழமைப் புருஷன்னு என் தங்கச்சி கிண்டல் பண்றா."

"நீ போனா மூணாவது ஷிப்டுல ஆறு நோயாளிங்களுக்கு எடம் போயிடும். ஆறு பேருக்கு ஒரு நர்ஸ் இருக்கணும்."

"எனக்கு முன்னாடி பதினொரு பேர் போனாங்களே. அவங்களையும் இப்படித்தான் புடிச்சு வச்சீங்களா?"

இல்லை. எட்டு வருடத்தில் பதினொரு பேருக்குக் கற்றுக்கொடுத்தாள். பதினொரு பேரும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் அவளே நற்சான்றுக் கடிதம் எழுதினாள். போன வருடம் அவர்களில் கடைசியாக விசாலி போன பிறகு நான்கு முறை விளம்பரம் கொடுத்தும் யாரும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் இப்படிப் பிடித்துவைப்பது.

ராமலட்சுமி யோங் பெங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். பதினேழு வயதில் எண்ணெய் எடுக்கும் செம்பனையின் உதிரிப் பழம் பொறுக்கினாள். பத்தொன்பதில் சிங்கப்பூர் மின்னணுத் தொழிற்சாலைக்குப் போய் லைன் லீடர் ஆனாள். பதினான்கு வருடம். கடைசி ஐந்து வருடம் அவளுடைய பதவி உயர்வுக் கடிதம் மேலே போகவே இல்லை. நல்ல கை போனால் லைன் படுத்துவிடும் என்று மேலாளர் மிஸ் கோ ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். மறுவாரம் ராமலட்சுமி வேலையை விட்டாள். முப்பத்து மூன்று வயதில், இருபது வயதுப் பிள்ளைகளோடு நர்சிங் கல்லூரியில் உட்கார்ந்தாள். பிறகு பத்து வருடம் அரசு மருத்துவமனை. பிறகு இந்த நிலையம். இப்போது ஐம்பத்து நான்கு.

போன வருடம் நிர்வாகக் குழு அவளை ஜொகூர் பாருவில் ஒரு தலைமைத்துவப் பயிலரங்குக்கு அனுப்பியது. ஐந்து வருடத்தில் உங்கள் வாழ்க்கை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதச் சொன்னார்கள். மூன்றாவது ஷிப்ட் மூடக் கூடாது என்று எழுதினாள். இது உங்கள் வேலை, வாழ்க்கையை எழுதுங்கள் என்றார் நடத்தியவர். அவளுக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

ஷப்னத்தின் புத்தகத்தில் காலியாக இருந்த இரண்டு வரிகளை ராமலட்சுமி பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ் கோவின் சிரிப்பு ஞாபகம் வந்தது. பேனாவை எடுத்தாள்.

"ரெண்டையும் இப்பவே போட்டுத் தர்றேன். போ."

"போடாத ஊசிக்கா? அங்க போயி மொதக் கையே கறுத்துச்சுன்னா நான் என்ன சொல்ல?"

அந்த வாரம் இரண்டு கைகள் தேறியிருந்தன. அன்று சதாசிவம், வெள்ளிக்கிழமை ராஜம்மா. மூன்றாவது ஷிப்டில் கடைசியாகச் சேர்ந்தவர்களும் அவர்கள்தான். நாற்காலி குறைந்தால் முதலில் போகவேண்டியவர்கள்.

"நீ போறதையும் எடம் போறதையும் சொல்லிட்டுத்தான் போடணும்" என்றாள் ராமலட்சுமி.

"சொன்னா கையக் குடுப்பாங்களா?"

"தெரியல."

சதாசிவம் ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். முழுவதையும் கேட்டார்.

"அப்போ என் கையிலயே குத்தி என்னையே எறக்கி விடப் போறீங்க."

"ஆமாங்க ஐயா."

"நாப்பது வருஷம் மத்தவங்க போறதுக்குத்தான் கொடி காட்டுனேன். பழகிப்போச்சு லா. நடுங்காமப் போடும்மா."

ஷப்னம் நடுங்காமல் போட்டாள். ஒன்பது.

வெள்ளிக்கிழமை விஷயத்தைக் கேட்டதும் ராஜம்மா கையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். மணி நாலே முக்கால்.

"நீதான் போடணும் மிஸ்ஸி. இல்லன்னா கழுத்துக் குழாயிலயே ஓட்டு" என்றாள் ராமலட்சுமியிடம். நர்ஸை அங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அதுல ரெண்டு தடவ காய்ச்சல் வந்துச்சேக்கா."

"வரட்டும். இவள ஏத்தி அனுப்ப என் கைதான் கெடச்சுதா?"

ராமலட்சுமி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அஞ்சு மாசம் இவள ஏமாத்திப் புடிச்சு வச்சிருந்தேன். உங்களுக்காகத்தான்னு நெனச்சுக்கிட்டேன்."

"எனக்காகத்தானே? இன்னும் அஞ்சு மாசம் புடிச்சு வையேன்."

பக்கத்து நாற்காலியில் யாரோ சிரித்தார்கள். ராஜம்மா சிரிக்கவில்லை.

"முடியலக்கா."

"எனக்கு வேற எடம்?"

"பத்து பஹாட் டவுன் சென்டர்ல கேட்டேன். இல்லன்னுட்டாங்க. நானே மூணு ஷிப்டும் நிக்கிறேன்."

"உன் காலப் பாத்தியா? பப்பாளி மாதிரி வீங்கியிருக்கு. எத்தன நாள் நிப்ப?"

அடுத்த வாரம் யாராவது வந்துவிடுவார்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். நிறுத்திக்கொண்டாள்.

"தெரியல."

ராஜம்மா ஷப்னத்தின் பக்கம் திரும்பினாள். "ஊசி போட்டுட்டுப் போயிடுவியா?"

"ஒரு மாசம் நோட்டீஸ் இருக்கு ஆன்ட்டி. அப்புறம் போயிடுவேன்."

"பொய் சொல்லத் தெரியாதா உனக்கு? ஒரு வார்த்த, இருக்கேன்னு சொல்லு."

ஷப்னம் குனிந்து கையுறையை இழுத்துவிட்டாள்.

சுவரில் மணி ஐந்தைத் தாண்டியது. ராஜம்மா கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். நாற்காலியின் கைப்பிடிமேல் நீட்டினாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஷப்னம் விரலால் துடிப்பைத் தேடினாள். ரத்தக்குழாய் ஆழத்தில் இருந்தது, வளைந்தும் இருந்தது. ராமலட்சுமி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். முதல் ஊசி இறங்கியது. ரத்தம் வரவில்லை. ராஜம்மா பல்லைக் கடித்தாள். ராமலட்சுமியின் தோள் முன்னால் வந்தது.

"வேணாம் அக்கா" என்றாள் ஷப்னம், நிமிராமல். ஊசியை நூலளவு பின்னுக்கு இழுத்துச் சாய்த்தாள். குழாயில் சிவப்பு ஏறியது. இரண்டாவது ஊசி நேராகப் போனது.

ராமலட்சுமி பத்தாவது வரியில் கையெழுத்திட்டாள். ஷப்னம் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனாள். அங்கே ஒருவர் அவளுக்காகக் கையை நீட்டிக் காத்திருந்தார்.

ராஜம்மா இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு மாசம்ன்னா எது வரைக்கும் மிஸ்ஸி?"

"ஆகஸ்ட் பாதி வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

ராமலட்சுமி இயந்திரத்தின் அழுத்தத்தைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் பார்த்தாள்.